அனோடைசிங்: முலாமும் அல்ல, வாயும் அல்ல

ஒரு கைவிளக்கோடு வந்த கையேட்டில் ‘மின்முலாம் பூசிய அலுமினிய உடல்’ என்று தமிழில் போட்டிருந்தது. மேலே ஆங்கில வரியில் இருந்தது ‘அனோடைஸ்டு’. இந்தத் தவறான மொழிபெயர்ப்பை எத்தனையாவது தடவை பார்க்கிறேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

அனோடைசிங் என்ற பெயர் அனோடிலிருந்து வந்தது. அனோடு என்பதன் கிரேக்க மூலத்துக்கு ‘மேலேறும் வழி’ என்று பொருள். 1834இல் ஃபாரடே புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். தமிழில் நேர்மின்வாய், அதாவது கரைசலில் மின்சாரம் பாய்ச்சும்போது நேர்முனையோடு இணைத்திருக்கும் பொருள்; எதிர்முனையோடு இணைத்தது எதிர்மின்வாய். முலாம் அரபு மூலத்திலிருந்து உருது வழியாக நம்மிடம் வந்த சொல். சொல் வரலாறு இவ்வளவு போதும்.

மின்முலாமில் பூச வேண்டிய பொருள் எதிர்மின்வாயில் தொங்கும். கரைசலில் உள்ள நிக்கல் அயனியோ செம்பு அயனியோ அதன்மேல் வந்து படியும். வேறோர் உலோகம் மேலே ஏறுகிறது. முலாம் என்றால் அதுதான். அனோடைசிங்கில் எல்லாம் தலைகீழ். அலுமினியத்தையே நேர்மின்வாயாக்கி, பெரும்பாலும் கந்தக அமிலக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சுவார்கள். வெளியிலிருந்து எந்த உலோகமும் வருவதில்லை. அலுமினியத்தின் மேற்பரப்பே ஆக்சைடாக மாறி, கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் வெளியே என்று வளர்கிறது. அதன் நுண்துளைகளில் சாயம் ஏற்றி, கொதிநீரில் துளைகளை அடைத்துவிட்டால் சிவப்பு, நீலம் என்று வேண்டிய நிறம்.

கையில் மல்டிமீட்டர் இருந்தால், மின்சாரம் ஓடினால் பீப் ஒலி எழுப்பும் நிலையில் வைத்துச் சோதித்துப் பாருங்கள். நிக்கல் முலாமின்மேல் இரு முனைகளையும் லேசாக வைத்தால் பீப் என்று கத்தும். அனோடைஸ் செய்த பரப்பில் மூச்சே வராது, ஆக்சைடு மின்கடத்தாப்பொருள். ஓரத்தில் கொஞ்சம் சுரண்டிவிட்டு அங்கே வையுங்கள், உடனே கத்தும். முலாம் சரியாகப் பிடிக்காவிட்டால் செதில் செதிலாக உரியும். இந்தப் படலம் உலோகத்திலிருந்தே வளர்ந்தது, அப்படி உரியாது.

இன்னொரு கூட்டம் ‘நேர்மின்வாயாக்கல்’ என்கிறது. ஆங்கிலச் சொல்லைப் பிரித்து அப்படியே தமிழ்ப்படுத்திவிட்டார்கள், தப்பில்லை என்பார்கள். தப்புத்தான். செம்பு முலாம் தொட்டியிலும் ஒரு செம்புத் தகடு நேர்மின்வாயாகத்தான் நிற்கிறது. அது கரைந்து தேய்கிறது. அதையும் நேர்மின்வாயாக்கல் என்று சொல்லலாமா? பொருளை எந்த முனையில் மாட்டினோம் என்று சொல்கிறதே தவிர, அதற்கு என்ன ஆனது என்று இந்தச் சொல் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் உள்ள குறையைத் தமிழிலும் சுமப்பானேன்? அப்புறம், கையேட்டில் ‘நேர்மின்வாயாக்கப்பட்ட விளக்கு’ என்று வாசிப்பவர் விளக்குக்கு எங்கே வாய் என்று தேடமாட்டாரா?

என் பரிந்துரை ‘மின்படல வளர்ப்பு’. படலம் உள்ளிருந்து வளர்கிறது என்பதை வளர்ப்பு என்ற சொல்லே காட்டிவிடும். ‘மின்படலப் பூச்சு’ என்று எழுதினால் மறுபடி பழைய குழிதான். அனோடைசிங் என்றே எழுதினாலும் எனக்குச் சண்டை இல்லை, பட்டறையில் அப்படித்தான் பேசுகிறார்கள்.

தூய்மை பார்த்து முலாமைத் துரத்த வருகிறவர்களோடுதான் சண்டை. உள்ளே ஒன்று, மேலே வேறொன்று என்ற பொருள் அந்தச் சொல்லில் அத்தனை அழுத்தமாக உட்கார்ந்திருக்கிறது. ‘மேற்பூச்சு’ என்று மாற்றினால் பெயின்ட்டும் அதில் அடங்கிவிடும். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியின் முதல் வரியோடு நின்றுவிடாமல், தொட்டியில் எது எந்தப் பக்கம் தொங்குகிறது என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம்.