ஹிஸ்டரெக்டமி: கருப்பை நீக்கம்

சென்னையில் இந்த வார்த்தையை முழுசாகச் சொல்பவர்கள் டாக்டர்களும் நர்ஸுகளும்தான். எழும்பூரிலோ திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலோ வரிசையில் நிற்கிற பெண்கள் 'யூட்ரஸை எடுத்துட்டாங்க' என்பார்கள், 'கர்ப்பப்பையை எடுத்தாச்சு' என்பார்கள். கூட ஆம்பளைகள் இருந்தால் வெறும் 'பெரிய ஆபரேஷன்'. இந்தக் கடைசிப் பெயரில் சிக்கல் உண்டு. சிசேரியனையும் அப்படித்தான் சொல்கிறோம்.

வேர் கிரேக்கம். ஹிஸ்டெரா என்றால் கருப்பை, எக்டொமே என்றால் வெட்டி வெளியே எடுப்பது. ஹிஸ்டீரியாவும் அதே ஹிஸ்டெராவில் பிறந்ததுதான். பெண்ணுக்கு மனசு சரியில்லை என்றால் கருப்பையின் மேல் பழி போட்ட காலத்து மிச்சம் அது. 'எக்' என்ற துண்டை விட்டுவிட்டால் அர்த்தமே மாறிவிடும். ஹிஸ்டராட்டமி என்றால் கருப்பையை வெட்டித் திறப்பது மட்டும். சிசேரியனில் நடப்பது அதுதான். ஆகவே 'கருப்பை அறுவை' என்று எழுதினால் எதைச் சொல்கிறோம் என்று தெரியாது. 'கருப்பை நீக்கம்' சரியான சொல். 'கருப்பை அகற்றல்' என்பதும் தப்பில்லை, நாக்குக்குக் கொஞ்சம் கனம்.

கர்ப்பப்பையில் கர்ப்பம் வடமொழி, பை தமிழ். கருப்பையில் இரண்டுமே தமிழ். சங்கப் பாட்டில் கருப்பை என்றால் எலி என்பது தனிக் கதை; இன்றைக்கு யாரும் அப்படிப் புரிந்துகொள்ள மாட்டார்கள். பேச்சில் கர்ப்பப்பை, எழுத்தில் கருப்பை என்று இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும்.

குழப்பம் வருவது பக்கத்து உறுப்பில். ஓவரிக்குப் பள்ளிப் பாடநூலில் அண்டகம், பத்திரிகையில் சினைப்பை, வேறு சிலர் எழுத்தில் சூலகம். மாட்டுக்குத்தானே சினை, பெண்ணுக்கு எப்படி என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. காசிமேட்டில் மீன் வாங்குகிறவர்களுக்குச் சினை என்றால் முட்டை. அந்த அர்த்தத்தில் முட்டை இருக்கும் பை சினைப்பை. 'சினைப்பை நீர்க்கட்டி' புண்ணியத்தில் அந்தச் சொல் வீட்டுக்கு வீடு தெரிந்தும் விட்டது. நான் அதையே வைத்துக்கொள்கிறேன்.

இந்த இரண்டு உறுப்பையும் பிரித்துச் சொல்வது ஏன் முக்கியம்? ஹிஸ்டரெக்டமி என்ற சொல்லில் சினைப்பை கிடையாது. 'டோட்டல்' என்று முன்னால் ஒட்டியிருந்தாலும் கிடையாது. டோட்டல் என்றால் கருப்பையோடு கருப்பை வாயையும் எடுத்தார்கள் என்று அர்த்தம், அவ்வளவுதான். 'டோட்டலா எல்லாத்தையும் எடுத்துட்டாங்க' என்று வீட்டில் பேசிக்கொள்வதில் பாதி தவறாக இருக்கலாம். சினைப்பையையும் எடுத்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியில் பி.எஸ்.ஓ. என்று தனியாக இருக்கும்: இருபக்கச் சினைக்குழாய், சினைப்பை நீக்கம். வெறும் பி.எஸ். என்றால் குழாய்கள் மட்டும். டி.ஏ.எச். என்பது வயிற்றைத் திறந்து செய்தது, டி.எல்.எச். லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்னத் துளைகள் வழியாகக் கேமராவை விட்டுச் செய்தது.

இந்தக் குழப்பத்துக்கு வயசு அதிகம். 1853-ல் அமெரிக்காவின் லோவெல் நகரில் வால்டர் பர்ன்ஹாம் என்ற மருத்துவர் சினைப்பைக் கட்டி என்று நினைத்து வயிற்றைத் திறந்தார். உள்ளே இருந்தது கருப்பையின் நார்க்கட்டி. வேறு வழியில்லாமல் கருப்பையை எடுத்தார். அந்தப் பெண் பிழைத்தார். வயிற்று வழியாகக் கருப்பை நீக்கி உயிர் தப்பிய முதல் நோயாளி அவர் என்கிறது மருத்துவ வரலாறு.

கருப்பை போனால் மாதவிடாய் நிற்கும், சினைப்பை இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதனால் பீரியட்ஸ் நின்றதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. சினைப்பை இருந்தால் ஹார்மோன் சுரந்துகொண்டிருக்கும். சினைப்பை ஓய்ந்து ஹார்மோன் குறைவதுதான் மெனோபாஸ்; அது சற்று முன்கூட்டி வரலாம், ஆனால் ஒரே நாளில் வராது. மெனோபாஸ் வருமுன்பே இரண்டு சினைப்பையையும் எடுத்துவிட்டால் அது உடனே வந்துவிடும்: திடீர்ச் சூடு, ராத்திரி வியர்வை, தூக்கமின்மை, பிற்பாடு எலும்புத் தேய்மானம். ஹார்மோன் மாத்திரை தேவையா, நமக்கு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்க வேண்டியது அப்போதுதான். நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 3 சதவீதம் பேர் கருப்பை நீக்கம் செய்துகொண்டவர்கள் என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. நாற்பதைத் தொடாதவர்களும் இதில் உண்டு.

அப்புறம் வீட்டுக்கு வந்த பிறகு. வயிற்றைத் திறந்து செய்திருந்தால் தேற ஆறு முதல் எட்டு வாரம். லேப்ராஸ்கோப்பியில் சீக்கிரம் நடமாடலாம். வெளியே தையல் சின்னதாக இருப்பதால் உள்ளே எல்லாம் ஆறிவிட்டது என்று தோன்றும், அது உண்மையில்லை. கனம் தூக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னால் சென்னைக் கணக்கில் அதற்கு அர்த்தம்: 20 லிட்டர் தண்ணீர் கேன் கிடையாது, லாரித் தண்ணீர்க் குடம் கிடையாது, சிலிண்டரை நகர்த்துவது கிடையாது. அதற்காகப் பிரசவப் பத்தியம்போல அறைக்குள்ளேயே படுத்திருக்கவும் கூடாது. காலில் ரத்தம் உறையாமல் இருக்க முதல் நாளிலிருந்தே மெல்ல நடக்கச் சொல்வார்கள். முக்காமல் மலம் கழிக்கத் தண்ணீரும் காய்கறியும் தாராளமாகச் சேர வேண்டும். தாம்பத்தியம் ஆறு வாரத்துக்கு வேண்டாம். அதன்பிறகும் டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்னால்தான்.

சில வாரம் லேசான கசிவு இருக்கும். காய்ச்சல், பேட் நனைகிற அளவு ரத்தம், நாற்றமடிக்கும் வெள்ளை, ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ என்றால் அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது. நெஞ்சு வலி, மூச்சுத்திணறல் என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கருப்பை வாயை விட்டுவைத்துச் செய்வதும் உண்டு. அதைப் 'பகுதிக் கருப்பை நீக்கம்' என்று எழுதலாம். அவர்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை முன்போலவே தொடர வேண்டும்.