சி டிரைவ் மட்டும்தான் அழியும் என்று நினைத்தவர்கள்

"லினக்ஸ் போட்டேன், நன்றாக வேகமாக ஓடுகிறது. டி டிரைவ் மட்டும் காணோம்."

இப்படிச் சொல்லிக்கொண்டு யாராவது லேப்டாப்போடு வந்தால், அன்றைக்கு மற்ற வேலைகளை ஒதுக்கி வைத்துவிடுவேன். கடைசியாக அப்படி வந்தவன் ஒரு கல்லூரி மாணவன். லேப்டாப் அவனுடையது அல்ல, அவன் அம்மாவுடையது. ஒன்பது வருடப் பழசு. ஆன் செய்தால் ஐந்து நிமிடம் கழித்துத்தான் எதையும் தொட முடியும். அம்மாவுக்கு உதவலாம் என்று, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸின் ஒரு வகை, லினக்ஸ் மின்ட்டை இறக்கி, பென் டிரைவில் ஏற்றி, தானே நிறுவியிருக்கிறான். நிறுவிய முறையில் பிழை ஒன்றும் இல்லை. "டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு" என்ற இடத்தை அழுத்தும்போது, அம்மாவின் போட்டோக்கள் டி டிரைவில்தானே இருக்கின்றன, அவை தப்பிவிடும் என்று நம்பியிருக்கிறான். நடந்தது அவ்வளவுதான்.

விண்டோஸில் பழகிய யாருக்கும் இந்த நம்பிக்கை வரும். விண்டோஸைத் திரும்பப் போடும்போது சி-யை மட்டும் ஃபார்மேட் செய்வோம், டி-யில் வைத்தது அப்படியே இருக்கும். பல வருடம் அப்படிச் செய்து செய்து, சி ஒரு பெட்டி, டி வேறொரு பெட்டி என்று மனதில் பதிந்துவிட்டது. ஆனால் பெரும்பாலான பழைய லேப்டாப்களில் இருப்பது ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க். ஒரே நிலத்தின் நடுவே வரப்பு கட்டி இரண்டு வயலாக்கியது போலத்தான் சி-யும் டி-யும். லினக்ஸ் நிறுவும்போது வரும் திரையில் அந்தப் பெயர்கள் இருக்காது. முழு டிஸ்க்குக்கும் எஸ்டிஏ என்று ஒரு பெயர், அதற்குள் இருக்கும் பகுதிகளுக்கு எஸ்டிஏ1, எஸ்டிஏ2 என்று எண்கள், அவ்வளவுதான் தெரியும். "டிஸ்க்கை அழி" என்றால் வரப்போடு சேர்த்து முழு நிலத்தையும் உழுதுவிடு என்று பொருள்.

அந்தப் பையன் சரியாகச் செய்தது ஒன்று உண்டு. டி-யைக் காணோம் என்றதும் லேப்டாப்பை அணைத்துவிட்டான். டிஸ்க்கைக் கழற்றி, அதன் முழு நகலை வேறொரு டிஸ்க்கில் எடுத்தேன். மீட்கும் வேலையை நகலில்தான் செய்ய வேண்டும், அசலைத் தொடக் கூடாது. போட்டோரெக் என்ற இலவச மென்பொருள் ஓர் இரவு முழுக்க ஓடியது. பெரும்பாலான படங்கள் வந்தன. ஆனால் ஃபைல்களின் பெயர்கள் வரவில்லை, ஃபோல்டர்களும் வரவில்லை. எல்லாமே 'எஃப்' என்ற எழுத்தும் ஒரு நீண்ட எண்ணுமாக வந்து குவிந்தன. சில படங்களில் மேல்பாதியில் முகம் தெரிந்தது, கீழ்பாதி சாம்பல் நிறமாக நின்றுவிட்டது. அந்த அம்மா வருடம் வாரியாகப் பெயரிட்டு அடுக்கி வைத்திருந்தவை அவை.

ஹார்ட் டிஸ்க் என்பதால்தான் அதுவாவது கிடைத்தது. எஸ்எஸ்டி-யாக (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) இருந்திருந்தால், லினக்ஸ் ஃபார்மேட் செய்யும்போதே "இந்த இடங்கள் இனி காலி" என்று எஸ்எஸ்டி-க்குத் தெரிவித்துவிடும். அதன் பிறகு தேடினால் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது.

இதைப் படித்துவிட்டு லினக்ஸே வேண்டாம் என்று யாரும் ஒதுங்கிவிடக் கூடாது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டும் என்கிறது. இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை முதலான புராசசர் வேண்டும் என்கிறது. இதனால் நல்ல கீபோர்டும் நல்ல திரையும் உள்ள எத்தனையோ லேப்டாப்கள் மூலைக்குப் போகின்றன. அவற்றில் லினக்ஸ் போடச் சொல்லி நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். நான் வேண்டிக் கேட்பது ஒன்றுதான்: நிறுவுகிற நாளும் அதற்கான ஆயத்த நாளும் வேறு வேறாக இருக்கட்டும். ஆர்வத்தில் ஒரே மூச்சில் செய்யும்போதுதான் இழப்பு நேர்கிறது.

ஆயத்த நாளில் லினக்ஸை நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓடவிடுங்கள். ரூஃபஸ், எட்சர், வென்டாய் எதை வைத்து வேண்டுமானாலும் பென் டிரைவைத் தயார் செய்யலாம். பென் டிரைவில் இருப்பதும் அழியும் என்பதை மறக்க வேண்டாம். லேப்டாப்பை ஆன் செய்தவுடன் எஃப்12 அல்லது எஸ்கேப் (சிலவற்றில் எஃப்9, எஃப்2) அழுத்தி பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால், உள்ளே இருக்கும் டிஸ்க்கைத் தொடாமலே முழு லினக்ஸும் திறக்கும். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கேமரா, டச்பேட், பிரின்டர் வேலை செய்கின்றனவா, மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம். பிராட்காம் வைஃபை உள்ள பழைய லேப்டாப்களில் முதலில் வைஃபை தெரியாமல் போகலாம். பதறாதீர்கள். போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் (போனின் இணையத்தைக் கணினிக்குப் பகிர்வது) போட்டால் இணையம் வந்துவிடும், நிறுவிய பிறகு மின்ட்டில் இருக்கும் டிரைவர் மேனேஜர் மூலம் சரிசெய்துகொள்ளலாம். பென் டிரைவிலிருந்து ஓடும்போது எல்லாம் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும். அதை வைத்து வேகத்தை எடைபோட வேண்டாம்.

அப்புறம், பலரும் தவறவிடுகிற ஒரு சோதனை. அங்கேயே டிஸ்க்ஸ் என்றொரு செயலி இருக்கும். அதைத் திறந்து, உங்கள் ஹார்ட் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, மெனுவில் ஸ்மார்ட் தகவலை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே குறித்து வைத்திருப்பதை, பாருங்கள். எண்கள் நிறைய வரும், இரண்டைப் பார்த்தால் போதும். 5-ஆம் எண் வரிசை, கெட்டுப்போய் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டர்களின் (டிஸ்க்கில் தகவல் பதியும் சிறு கட்டங்கள்) எண்ணிக்கை. 197-ஆம் எண் வரிசை, படிக்க முடியாமல் தவிக்கிற செக்டர்களின் எண்ணிக்கை. இரண்டும் பூஜ்ஜியமாக இருந்தால் நிம்மதி. 197-இல் பூஜ்ஜியத்துக்கு மேல் ஏதாவது இருந்தால், முதல் வேலையாக முக்கியமான ஃபைல்களை வெளியே எடுங்கள். அந்த டிஸ்க்கில் லினக்ஸ் போடாதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், "விண்டோஸ் ரொம்ப மெதுவாகிவிட்டது" என்று வரும் லேப்டாப்களில் விண்டோஸ் குற்றவாளியே இல்லாதவை நிறைய. டிஸ்க் ஒரு செக்டரைப் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயலும், அதுவரை திரை உறைந்து நிற்கும். அதே டிஸ்க்கில் லினக்ஸ் போட்டால் சில வாரம் நன்றாக ஓடிவிட்டு அதுவும் உறையும். பழி லினக்ஸ் மேல் விழும்.

பேக்கப் எடுக்கும்போது எல்லோரும் போட்டோவையும் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரையும் எடுத்துவிடுகிறார்கள். விட்டுப்போவது டெஸ்க்டாப்பில் சிதறிக் கிடப்பவை, டவுன்லோட்ஸ், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், அவுட்லுக்கில் மெயில்கள் சேமிக்கப்படும் பிஎஸ்டி ஃபைல். தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் இருந்தால், விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த எழுத்துருவையும் சேர்த்து எடுத்து வையுங்கள். அது இல்லாமல் லினக்ஸில் திறந்தால், கோப்பு பத்திரமாக இருந்தும் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத்தான் தெரியும். எடுத்து முடித்த பிறகு வேறொரு கணினியில் செருகி, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை.

பென் டிரைவ் லினக்ஸிலிருந்தே நகலெடுக்கும்போது இரண்டு தடைகள் வரலாம். டிஸ்க்கில் எதையும் எழுத முடியாது, படிக்க மட்டும்தான் முடியும் என்று வந்தால், விண்டோஸ் முழுதாக அணையாமல் பாதி உறக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். நகலெடுக்க அது தடையில்லை. முழுதாக அணைக்க வேண்டுமானால் விண்டோஸில் ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி ஷட் டவுன் கொடுங்கள். டிஸ்க் திறக்கவே மறுத்துக் குறியீடு கேட்டால், விண்டோஸின் பிட்லாக்கர் என்ற வசதி டிஸ்க்குக்குப் பூட்டு போட்டிருக்கிறது. அதற்கு 48 இலக்க மீட்புக் குறியீடு வேண்டும். விண்டோஸ் இன்னும் ஓடுகிறது என்றால் விண்டோஸுக்குள் போய் நகலெடுப்பதே சுலபம்.

எந்த லினக்ஸ் என்ற கேள்வியில்தான் பலர் நாள் கணக்கில் தேடுகிறார்கள். அதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. 4 ஜிபி ரேம் இருந்தால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போதும், 8 ஜிபி என்றால் சின்னமன் பதிப்பு. 2 ஜிபி என்றால் லுபுன்டு அல்லது ஆன்டிஎக்ஸ் முயலலாம். ஆனால் இயங்குதளம் எவ்வளவு இலகுவானாலும் பிரவுசர் இலகுவாகாது, பத்து டேப் திறந்தால் 2 ஜிபி தாங்காது. 32 பிட் புராசசர் மட்டும் உள்ள மிகப் பழைய லேப்டாப்பில் நேரத்தைச் செலவிட வேண்டாம் என்பேன். 2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸிலேயே 32 பிட் கணினிகளுக்கான இன்ஸ்டாலரை நிறுத்திவிட்டார்கள்.

இதைவிட முக்கியமான கேள்வி, எந்த மென்பொருள் இல்லாமல் உங்கள் வேலை நடக்காது என்பது. போட்டோஷாப், விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருள், டிஜிட்டல் கையொப்பத்துக்கான யுஎஸ்பி டோக்கன் இவற்றை நம்பிப் பிழைப்பவர் வந்தால், நான் லினக்ஸ் போட்டுத் தருவதில்லை. அவருக்கு வேறு வழி சொல்லி அனுப்புவேன்.

சரி, நிறுவும் நாளுக்கு வருவோம். என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் வழி, பழைய டிஸ்க்கை அழிக்கவே வேண்டாம் என்பதுதான். 2.5 அங்குல சாட்டா (டிஸ்க்கை இணைக்கும் ஒரு வகை இணைப்பு) ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய லேப்டாப் என்றால், ஒரு எஸ்எஸ்டி வாங்கி அதே இடத்தில் பொருத்தலாம். பெரும்பாலானவற்றில் அடியில் சில திருகுகளைக் கழற்றினால் போதும். முதலில் சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றிவிடுங்கள். பேட்டரி உப்பியிருப்பதைக் கண்டால் அங்கேயே நிறுத்திவிட்டு, பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். புதிய எஸ்எஸ்டி-யில் "டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு" என்பதைத் தயங்காமல் அழுத்தலாம், அதில் அழிய ஒன்றுமில்லை. ரேமைக் கூட்டுவதைவிட, இலகுவான லினக்ஸைத் தேடுவதைவிட, இந்த ஒரு மாற்றம்தான் பழைய லேப்டாப்பில் பெரிய வித்தியாசத்தைத் தரும்.

அதே டிஸ்க்கில்தான் போட வேண்டும் என்றால், "டிஸ்க்கை அழி" என்று வரும் அந்தத் திரையில் ஒரு நிமிடம் நில்லுங்கள். டிஸ்க்கின் அளவைப் படியுங்கள். பேக்கப் எடுத்த வெளி டிஸ்க்கைப் பிடுங்கி வேறொரு அறையில் வைத்துவிட்டு வந்து, பிறகு அழுத்துங்கள். திரையில் எஸ்டிபி என்று இரண்டாவது டிஸ்க்காகத் தெரிந்த பேக்கப் டிஸ்க்கையே தேர்ந்தெடுத்து அழித்தவரையும் பார்த்திருக்கிறேன்.

அந்த அம்மாவின் லேப்டாப்பில் இப்போது 240 ஜிபி எஸ்எஸ்டி-யில் மின்ட் ஓடுகிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, தேதியும் "அழிக்க வேண்டாம்" என்றும் எழுதி ஒட்டிக் கொடுத்தேன். கூடவே சாட்டா-யுஎஸ்பி கேபிள் ஒன்று. பையன் விடுமுறையில் உட்கார்ந்து, படங்களுக்குள் பதிந்திருக்கும் தேதியை வைத்து வருடம் வருடமாகத் திரும்ப அடுக்கிக்கொண்டிருக்கிறான். 2016 வரை முடித்துவிட்டதாகச் சொன்னான்.