பாப்-அப்: குறுக்கீட்டு விளம்பரம்

புயல் நாளில் கடலூர்த் துறைமுகத்தில் எத்தனையாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருக்கிறது என்று அறிய இலவசச் செய்தித் தளம் ஒன்றைத் திறப்பவர், செய்தியின் முதல் வரியைப் படிப்பதற்குள் திரையை நிறைத்து எழும் நகைக்கடை விளம்பரத்தை மூட வேண்டியிருக்கிறது. மூடுவதற்கான பெருக்கல் குறியோ விரல்நுனிக்கு அகப்படாத அளவில் இருக்கிறது. சற்றுப் பிசகினால் நகைக்கடையின் தளமே திறந்துகொள்கிறது. இத்தகைய விளம்பரத்தையே பாப்-அப் என்று வழங்குகிறோம்.

ஆங்கிலத்தில் ‘பாப்’ என்பது ஒலிக்குறிப்புச் சொல். பட்டென்று வெடிக்கும் ஓசையைக் குறித்த அது, பின்னர்ச் சட்டென்று தோன்றுவதையும் குறிக்கலாயிற்று. பக்கத்தைத் திருப்பியதும் மடிப்பிலிருந்து உருவங்கள் நிமிர்ந்தெழும் சிறுவர் நூல்களுக்கு 1930-களில் அமெரிக்காவில் ‘பாப்-அப்’ என்ற பெயர் வழங்கியது. கணினியில், திரையின் மேல் தனியே திறக்கும் சிறு சாளரத்துக்கு அப்பெயர் ஆயிற்று.

அச்சாளரம் விளம்பரத்துக்குப் பயன்பட்டதற்கு ஒரு சங்கடமே காரணம். பயனர்களுக்கு இலவசமாக வலைப்பக்கம் அமைத்துக் கொடுத்து, அதன் செலவை விளம்பரத்தால் ஈடுகட்டிய ‘டிரைபாட்’ நிறுவனத்தில் 1990-களில் பணியாற்றியவர் ஈதன் சக்கர்மேன். மோட்டார் வாகன நிறுவனம் ஒன்றின் விளம்பரம், பயனர் ஒருவர் உருவாக்கிய ஆபாசப் பக்கத்தில் இடம்பெற்றுவிட, அந்நிறுவனம் கொதித்தது. பக்கத்துக்கும் விளம்பரத்துக்கும் தொடர்பில்லை என்று காட்டுவதற்காக, விளம்பரத்தைத் தனிச் சாளரத்தில் திறக்கும் நிரலை அவர் எழுதினார். விளம்பரதாரரின் மானம் காக்கப்பட்டது. படிப்பவரின் பொறுமையைப் பற்றி அப்போது யாரும் கேட்கவில்லை. 2014-இல் எழுதிய கட்டுரையில் சக்கர்மேன் இதற்காக மன்னிப்புக் கேட்டார்.

தமிழில் இதனைத் ‘துள்ளு சாளரம்’ என்று பெயர்த்தவர்கள் உண்டு. எனக்கு அதில் இரண்டு தடைகள் உள்ளன. கன்று துள்ளுவதிலும் வலையில் மீன் துள்ளுவதிலும் உயிரும் துடிப்பும் தெரிகின்றன. இந்த விளம்பரத்துக்கு அந்தப் பெருமை வேண்டியதில்லை. அதைவிட முக்கியமானது, இது இப்போது பெரும்பாலும் சாளரமே அன்று என்பது. பயனர் கேளாமல் திறக்கும் சாளரங்களை உலாவிகள் தடுக்கத் தொடங்கி, 2004-இல் விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்துக்கு வந்த ‘இரண்டாம் சேவைத் தொகுப்பு’ என்ற மேம்பாட்டோடு அத்தடுப்பு பரவலானதும், விளம்பரம் அதே பக்கத்தின் மேல் விரிக்கப்படும் ஓர் அடுக்காக உருமாறியது. பக்கத்தின் உறுப்பாகவே அது இருப்பதால், சாளரத்தைத் தடுக்கும் ஏற்பாடு அதனைத் தடுப்பதில்லை.

பிரெஞ்சு அறிந்த புதுச்சேரி வாசகர்களுக்கு வேறொரு பெயரும் தெரிந்திருக்கலாம். பிரான்சின் கலைச்சொல் ஆணையம் இதற்குப் பரிந்துரைத்த ‘ஃபெனெத்ர் அந்த்ரூஸ்’ என்பது, அழையாமல் நுழைந்த சாளரம் என்று பொருள்படும். எழும் விதத்தை விட்டுவிட்டு, அதனால் நேரும் தொல்லையைப் பெயராக்கியது நல்ல முறை. ஆனால் ‘அழையா விளம்பரம்’ என்று தமிழில் அப்படியே கொண்டால், எந்த விளம்பரத்தைத்தான் நாம் அழைத்தோம் என்ற கேள்வி எழும். ‘படிக்கும்போது குறுக்கே வந்து நிற்கிறது’ என்றே மக்கள் சலித்துக்கொள்வதால், ‘குறுக்கீட்டு விளம்பரம்’ என்பதே பொருந்தும். பக்கத்தின் ஓரத்தில் அசையாமல் கிடக்கும் பதாகை விளம்பரத்திலிருந்தும் அது இதனைப் பிரித்துக் காட்டும்.

பாப்-அப் யாவும் விளம்பரம் அல்ல. வங்கித் தளத்திலோ அரசு இணையச் சேவையிலோ நாமே பொத்தானை அழுத்தியதும் தனியே திறக்கும் ரசீதையும் படிவத்தையும் குறுக்கீடு என்பது தவறு. அவற்றை ‘மேலெழு சாளரம்’ என்றால் போதும். ‘பாப்-அப்பை அனுமதிக்கவும்’ என்று அத்தகைய தளம் கேட்கும்போது நாம் இசைவளிப்பது இந்தச் சாளரத்துக்குத்தான்.