தாய்வீட்டுக்கு வந்தாலும் தோட்டக் கூலி உண்டு: பேறுகால விடுப்பு விளக்கம்

பென்னாகரம் பக்கம் எங்கள் ஊரிலிருந்து வால்பாறைக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனவள் என் சித்தி மகள். தலைச்சன் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவளிடம் பேறுகாலச் சம்பளம் கேட்டாயா என்றேன். "நான் டெம்பரவரி ஆளுக்கா, எனக்கெல்லாம் வராதாம்" என்றாள். மேஸ்திரி சொன்னாராம்.

வரும். பிரசவத் தேதி என்று டாக்டர் குறித்துக் கொடுத்த நாளுக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த முதலாளியிடம் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். தினக்கூலி ஆட்களுக்கும் பேறுகாலப் பயன் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. 1961 பேறுகாலப் பயன் சட்டத்தில் இருந்த இந்த உரிமை, 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது.

முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம். அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு பிள்ளை இருந்தால் 12 வாரம். கரு கலைந்தால் 6 வாரம். இதைப் பலரும் கேட்பதே இல்லை, கேளுங்கள்.

கணக்கைக் கவனியுங்கள். கடைசி மூன்று மாதத்தில் வேலை செய்த நாட்களின் சராசரிக் கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 26 வாரத்துக்கு, அதாவது 182 நாளுக்கு, 72,800 ரூபாய். ஞாயிறைக் கழித்தால் 62,400தான். கழிக்கக் கூடாது. இதற்காகவே தோட்டத் தொழிலாளி ஒருவர் கோவை தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார். அப்போது விடுப்பே 12 வாரம்தான். அந்த 12 ஞாயிறுக்கான கூலிதான் வழக்கு. அது உச்ச நீதிமன்றம் வரை போய், வாரத்துக்கு ஏழு நாளும் கணக்கு என்று 1977-ல் தீர்ப்பானது. அந்த அம்மா விடாமல் நின்றதால்தான் இன்று நம் பெண்கள் ஞாயிறுக் கூலியையும் கேட்க முடிகிறது.

பிரசவத்துக்கு முந்தைய பகுதிக்கான பணத்தை, கர்ப்பச் சான்று கொடுத்ததும் முன்கூட்டியே தர வேண்டும். மீதியைக் குழந்தை பிறந்த சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள். விடுப்பில் இருக்கும்போது பேரை வெட்டி வேலையிலிருந்து நீக்குவது சட்டவிரோதம்.

சித்தி மகளிடம் ஒரு குயர் நோட்டு இருந்தது. நாள்தோறும் எடை போட்ட கொழுந்தை, எத்தனை கிலோ என்று பென்சிலில் குறித்து வைத்திருந்தாள். எண்ணினோம்: 143 நாள். செக்ரோலில், அதாவது தோட்டத்து வருகைப் பதிவேட்டில், பேர் விடுபட்டிருந்தாலும் இப்படிப்பட்ட குறிப்பும் சம்பளச் சீட்டும் பேச உதவும். தாய்சேய் அட்டையில் பிரசவத் தேதி இருக்கும். அதை நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

விடுப்பு எந்தத் தேதியிலிருந்து என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். பணத்தை வாங்க வேறொருவர் பேரையும் அதிலேயே குறிப்பிடலாம். மலைக்குத் திரும்ப முடியாதவர்களுக்கு இது பெரிய வசதி. கொடுக்காமல் ஊருக்கு வந்துவிட்டீர்களா? பிரசவத்துக்குப் பிறகும் கொடுக்கலாம், உரிமை போகாது. மறுத்தால் தோட்டம் இருக்கும் பகுதியின் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் மனு கொடுங்கள். நாங்கள் பென்னாகரத்திலிருந்தே பதிவுத் தபாலில் அனுப்பினோம், நோட்டின் நகலோடு.