டொர்னாடோவின் சுழற்சி தரைக்கு எப்படி வருகிறது?

வேதாரண்யத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 2018-இல் கஜா புயல் கரையைக் கடப்பதற்குப் பல நாட்களுக்கு முன்பே வானிலை ஆய்வு மையம் எச்சரித்துவிட்டது. அமெரிக்காவில் டொர்னாடோ, அதாவது இடிமேகத்திலிருந்து தரைவரை நீளும் சுழல்காற்று, வருவதை மட்டும் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு முன்னால்தான் சொல்ல முடிகிறது என்கிறார்களே, அத்தனை கருவிகள் இருந்தும் ஏன் இந்த நிலை என்பது அவருடைய கேள்வி. உருவம் சிறியது, ஆயுள் குறைவு என்று ஒற்றை வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அது பாதிப் பதில்தான். டொர்னாடோவைப் பெற்றெடுக்கும் இடிமேகம் பல கிலோமீட்டர் அகலமுடையது, மணிக்கணக்கில் நீடிப்பது, ரேடாரில் தெளிவாகத் தெரிவது. அப்படிப்பட்ட மேகங்கள் ஒரே மாலையில் ஐந்தாறு திரண்டு நின்றால், அவற்றுள் எது டொர்னாடோவைத் தரையிறக்கும், எது ஆலங்கட்டி மழையோடு கலைந்துபோகும் என்பதைத்தான் முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. ஏனென்றால், அதைத் தீர்மானிக்கும் கடைசிக் கட்டம் தரையை ஒட்டிய சில நூறு மீட்டர் உயரத்துக்குள் சில நிமிடங்களில் நடந்து முடிந்துவிடுகிறது.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது விளங்குவதற்கு, மிசௌரி மாநிலத்தின் ஜாப்ளின் நகரை எடுத்துக்கொள்வோம். 2011 மே 22, ஞாயிற்றுக்கிழமை மாலை 5.34 மணி அளவில் நகரின் மேற்கு எல்லையை ஒட்டித் தரையைத் தொட்ட டொர்னாடோ, சில நிமிடங்களில் ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அகலத்துக்குப் பெருத்து, வீடுகள் நெருங்கிய பகுதிகளின் ஊடாகவே சென்றது. அதன் தாக்குதலில் நேரடியாக இறந்தவர்கள் 158 பேர். 1950-க்குப் பிறகு அமெரிக்காவில் ஒரே டொர்னாடோ இத்தனை உயிர்களைக் குடித்ததில்லை. வாகன நிறுத்துமிடங்களில் சக்கரம் முட்டி நிற்பதற்காகப் பதித்து வைக்கும் கான்கிரீட் கட்டைகள் உண்டு. ஏறத்தாழ 135 கிலோ எடையோடு, இரும்புக் கம்பியால் தரையோடு பிணைக்கப்பட்டிருந்த அக்கட்டைகளைக் காற்று பிடுங்கி ஐம்பது மீட்டர் தூரம்வரை வீசியிருந்தது. அவை கையகல உயரம்தான் இருக்கும். காற்று பற்றிக்கொள்ள அவற்றில் இடமே கிடையாது. தரையோடு தரையாகக் கிடக்கும் ஒரு பொருளைப் பெயர்த்தெடுக்கும் வேகம் அந்த உயரத்தில் இருந்தது என்பதே நான் சொல்ல வரும் செய்தி. நகரின் பெரிய மருத்துவமனை ஒன்றில் சன்னல்கள் எல்லாம் நொறுங்கி, அவசர மின்னாக்கிகளும் செயலிழந்தன. அங்கிருந்து பறந்த எக்ஸ்ரே படங்கள் நூறு கிலோமீட்டர் அளவுக்கு அப்பால் கண்டெடுக்கப்பட்டன.

இடிமேகம் உருவாகும் கதை பள்ளிப் பாடத்தில் வருவதுதான். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரமும் வெப்பமுமான காற்று தரையை ஒட்டி வடக்கே வருகிறது. அதன்மீது மேற்கிலுள்ள மேட்டுநிலங்களிலிருந்து வரும் வறண்ட காற்று மூடிபோலப் படிகிறது. பிற்பகல் வெயிலில் கீழ்க்காற்று சூடேறி ஓரிடத்தில் மூடியைப் பிளந்துகொண்டு எழும்போது, ஈரம் குளிர்ந்து மேகமாகி, உள்ளுறை வெப்பத்தை வெளியிட்டு, மேலெழும் வேகத்தை இன்னும் கூட்டுகிறது. இதுவரை உலகில் எங்கும் நடப்பது. அமெரிக்கச் சமவெளியின் தனித்தன்மை, உயரத்துக்கு உயரம் காற்றின் திசையும் வேகமும் மாறுவதில் இருக்கிறது. தரையருகே தென்கிழக்கிலிருந்து மெதுவாகவும், ஐந்தாறு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கடும் வேகத்திலும் காற்று வீசும்போது, இரண்டுக்கும் இடைப்பட்ட காற்று, இரு உள்ளங்கைகளுக்கு நடுவே உருளும் விளக்குத் திரிபோல, படுக்கை அச்சில் உருளத் தொடங்குகிறது. மேலெழும் காற்றோட்டம் அந்த உருளையை உள்ளிழுத்து நிமிர்த்துவதால், மேகமே மெல்லச் சுழலத் தொடங்குகிறது. இத்தகைய மேகத்தைச் சூப்பர்செல் என்றும், அதன் நடுவே சில கிலோமீட்டர் அகலத்துக்குச் சுழலும் பகுதியை மீசோசைக்ளோன் என்றும் அழைக்கிறார்கள்.

பல நூல்கள் இங்கேயே கதையை முடித்துவிடுகின்றன: மேகத்தின் சுழற்சி இறுகி இறுகிக் கீழே இறங்கி டொர்னாடோவாகிறது என்று. பார்ப்பதற்கும் அப்படித்தான் தோன்றுகிறது. மேகத்தின் அடியிலிருந்து புனல் நீண்டு தரையைத் தொடுவதை எத்தனையோ காணொளிகளில் பார்த்திருக்கிறோம். ஆனால் இந்த விளக்கத்தில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. படுக்கையில் உருளும் காற்றை மேலெழும் காற்றோட்டம் நிமிர்த்துகிறது என்றால், நிமிரும் அதே வேளையில் அந்தக் காற்று மேலேயும் போய்க்கொண்டிருக்கிறது. அது முழுமையாக நிமிர்ந்து நிற்கும்போது தரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் சென்றுவிட்டிருக்கும். ஆகவே இந்த வழியில் எவ்வளவு வலுவான சுழற்சி உண்டானாலும் அது வானத்தில்தான் இருக்கும். தரையை ஒட்டிச் செங்குத்து அச்சில் சுழற்சி என்பதே இருக்காது. சூப்பர்செல்களில் பெரும்பாலானவை டொர்னாடோவைத் தராமலே கலைந்துபோவது இதனோடு பொருந்துகிறது.

அப்படியானால் தரையில் சுழற்சி எங்கிருந்து வருகிறது? கீழிறங்கும் காற்றிலிருந்து. ஓக்லஹோமாவின் நார்மன் நகரிலுள்ள தேசியக் கடும்புயல் ஆய்வகத்தில் பணியாற்றிய ராபர்ட் டேவிஸ்-ஜோன்ஸ் 1980-களின் தொடக்கத்திலேயே இதைக் கணக்கிட்டுக் காட்டினார். மேகத்தின் பின்பக்கம் மழைத்துளிகள் ஆவியாவதால் காற்று குளிர்ந்து, கனத்து, கீழே சரிகிறது. குளிர்ந்த காற்றும் பக்கத்திலுள்ள வெதுவெதுப்பான காற்றும் தொடும் எல்லையில், ஒன்று அமிழ மற்றொன்று மிதக்க முற்படுவதால், படுக்கை அச்சில் புதிய சுழற்சி ஒன்று பிறக்கிறது. இந்தச் சுழற்சியைச் சுமந்துகொண்டு இறங்கும் காற்று தரையை நெருங்கித் திரும்பும்போது, அதன் சுழற்சியின் ஒரு பகுதி செங்குத்தாக நிமிர்ந்துவிடுகிறது. இறங்குகிற காற்றில் நிமிர்ந்த சுழற்சி என்பதால் அது தரைக்கே வந்துசேர்கிறது. காற்றை உயரத்துக்குக் கொண்டுபோவது மேலெழும் காற்றோட்டம் என்றாலும், சுழற்சியைத் தரைக்குக் கொண்டுவருவது கீழிறங்கும் காற்றோட்டம். இந்த ஒரு திருப்பத்துக்காகவே இந்தத் துறையை வாழ்நாள் முழுதும் படிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னும் வேலை முடியவில்லை. தரைக்கு வந்த அந்தச் சுழற்சி அகலமானது, மந்தமானது. அது மீசோசைக்ளோனின் நேரடிக் கீழே நகர்ந்து சேர வேண்டும். மேலே வேகமாகச் சுழலும் பகுதியில் அழுத்தம் குறைந்திருப்பதால், அது கீழுள்ள காற்றை உறிஞ்சி மேலே இழுக்கிறது. இழுபடும் காற்று நீண்டு மெலிகிறது. மெலிந்தால் என்னவாகும் என்பதைக் கோண உந்தத்தின் அழியாமை விதி சொல்லிவிடுகிறது: ஒரு கிலோமீட்டர் ஆரத்தில் சுழன்ற காற்று நூறு மீட்டர் ஆரத்துக்குச் சுருங்கினால், அதன் வேகம் பத்து மடங்காகும். ஆனால் இங்கேதான் இயற்கை ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. கீழிறங்கிய காற்று மிகவும் குளிர்ந்திருந்தால் அதன் கனமே அதைத் தரையோடு அழுத்திவிடும். மேகம் எவ்வளவு உறிஞ்சினாலும் அது எழாது. குளிர்ச்சியே இல்லாவிட்டாலோ, மேலே சொன்ன எல்லையும் இல்லை, புதிய சுழற்சியும் இல்லை. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பால் மார்கோவ்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும், கார்களின் கூரையில் வெப்பமானிகளையும் காற்றளவிகளையும் பொருத்தி மேகங்களின் அடியில் ஓட்டிச் சேகரித்த தரவுகளிலிருந்து 2002-இல் காட்டியது இதைத்தான்: டொர்னாடோவைத் தந்த மேகங்களின் கீழிறங்கு காற்று, தராத மேகங்களுடையதைவிட வெதுவெதுப்பாக இருந்தது. இரண்டு மூன்று டிகிரி வேறுபாட்டில் ஒரு நகரத்தின் விதி நிர்ணயமாகிவிடக்கூடும்.

சுழல் உருவானபின் தரையின் உராய்வு, எதிர்பார்ப்புக்கு மாறாக, அதற்குத் துணைபோகிறது. சுழலும் காற்றில் உள்ளிழுக்கும் அழுத்த விசையும் வெளித்தள்ளும் போக்கும் ஒன்றையொன்று ஈடுசெய்து நிற்கின்றன. தரையை உரசிக் காற்று வேகமிழக்கும்போது வெளித்தள்ளும் போக்கு தளர்ந்து, அழுத்தம் வென்றுவிட, காற்று மையத்தை நோக்கிப் பாய்ந்து, அங்கே திடீரென மேல்நோக்கித் திரும்புகிறது. இதனால்தான் பல டொர்னாடோக்களில் உச்ச வேகம் மேகத்தின் அருகே அல்லாமல் தரையிலிருந்து சில பத்து மீட்டருக்குள், வீடுகள் நிற்கும் உயரத்திலேயே அமைகிறது.

வாசகரின் கேள்விக்கு இப்போது விடை கிடைத்துவிடுகிறது. ரேடார் கதிர் நேர்கோட்டை ஒட்டிச் செல்வது, பூமியோ வளைந்தது. நூறு கிலோமீட்டர் தொலைவில் வழக்கமான வானிலை ரேடாரின் மிகத் தாழ்ந்த கதிரே தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் போகிறது. மீசோசைக்ளோன் அதற்குத் தெரியும். டொர்னாடோ பிறக்கும் அடுக்கு தெரியாது. 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோ அருகே, சில நொடிகளுக்கு ஒருமுறை வானைத் துழாவும் நடமாடும் ரேடாரைக் கொண்டு பெற்ற தரவுகளை ஆராய்ந்த வானிலை ஆய்வாளர் ஜேனா ஹௌசரின் குழுவினர், சுழற்சி தரையருகே முதலில் தோன்றி அதன்பிறகே உயரத்தில் வலுத்ததைக் கண்டார்கள். மேலிருந்து இறங்குகிறது என்ற நம்பிக்கையில், மேலே பார்த்து எச்சரிக்கை விடுவது எவ்வளவு கடினம் என்பது இதிலிருந்து விளங்கும். அதனால் அலுவலர்கள் முன்னெச்சரிக்கையாகவே அபாய அறிவிப்பு விடுகிறார்கள். பத்தில் ஏழு அளவுக்கு அவை பொய்த்துப்போகின்றன. ஜாப்ளினில் 5.11 மணிக்கே அபாயச் சங்கு ஊதியது. பலமுறை ஊதிக் கேட்டுப் பழகிய மக்களில் பெரும்பாலோர் உடனே ஒளியாமல், தொலைக்காட்சியிலும் வாசலில் வந்து வானத்திலும் உறுதிப்படுத்திக்கொள்ள முயன்றார்கள் என்று தேசிய வானிலைச் சேவையின் அறிக்கை கூறுகிறது. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொய்த்துப்போகும் எச்சரிக்கைகளைக் குறைக்க வேண்டியது அறிவியலின் பொறுப்பு.

அழிவைப் பற்றியும் சில நம்பிக்கைகள் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளன. டொர்னாடோவுக்குள் அழுத்தம் குறைவதால் வீடுகள் உள்ளிருந்து வெடிக்கின்றன, ஆகவே சன்னல்களைத் திறந்துவைக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அழுத்தம் குறைவது உண்மை. 2003 ஜூன் 24 அன்று தெற்கு டகோட்டாவின் மான்செஸ்டர் அருகே டொர்னாடோ ஆய்வாளர் டிம் சமாராஸ் அதன் பாதையில் வைத்த கருவி 100 ஹெக்டோபாஸ்கல், அதாவது வழக்கமான காற்றழுத்தத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு, வீழ்ச்சியைப் பதிவுசெய்தது. ஆனால் எந்த வீடும் காற்றுப்புகாப் பெட்டியன்று. வீட்டைக் குலைப்பது காற்றின் விசை. அது வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், மணிக்கு 300 கிலோமீட்டர் காற்று 100 கிலோமீட்டர் காற்றைப்போல ஒன்பது மடங்கு தள்ளுகிறது. காற்று வீசும் பக்கத்துச் சன்னலோ கார் கொட்டகையின் கதவோ முதலில் உடைகிறது; உள்ளே புகுந்த காற்று கூரையை அடியிலிருந்து தூக்க, மேலே விரையும் காற்றும் அதை மேல்நோக்கி இழுக்கிறது; கூரை போனதும் பிடிமானமற்ற சுவர்கள் சாய்கின்றன. சன்னலைத் திறந்து வைப்பவர் இந்த வேலையை எளிதாக்கித் தருகிறார், பதுங்குவதற்கான விலைமதிப்பற்ற நொடிகளையும் இழக்கிறார். கேன்சஸின் டொபீகா நகரை அதன் தென்மேற்கிலுள்ள பர்னெட் குன்று காக்கும் என்று தலைமுறைகளாக நம்பினார்கள். 1966 ஜூன் 8 அன்று வந்த டொர்னாடோ அந்தக் குன்றின்மீதே ஏறி நகருக்குள் இறங்கியது. இத்தகைய நம்பிக்கை மக்களைப் பதுங்கவிடாமல் தடுக்கும் என்பதால், இதைப் பாதகமற்ற பழங்கதை என்று என்னால் கடந்துபோக முடியவில்லை.

ஒரு வீடு அடித்தளம்வரை துடைக்கப்பட்டிருக்க, அடுத்த வீடு ஓடுகள் மட்டும் பெயர்ந்து நிற்பதற்கும் காரணம் கண்டறியப்பட்டிருக்கிறது. ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் குண்டு விழுந்த தடங்களை ஆய்வுசெய்த அனுபவத்தோடு சிகாகோ வந்த டெட்சுயா ஃபுஜிதா, விளைநிலங்களில் வளையம் வளையமாகப் பதிந்திருந்த சுவடுகளை விமானத்திலிருந்து படமெடுத்து, பெரிய சுழலுக்குள் சிறு சுழல்கள் பல சுற்றிவருகின்றன என்று முடிவுகட்டினார். சிறு சுழல் கடந்த கோட்டில் இருந்த வீடு போய்விடுகிறது. சேதத்தைக் கொண்டு வேகத்தை மதிப்பிடும் அவருடைய 1971-ஆம் ஆண்டு அளவுகோலின் திருத்திய வடிவமே, 0 முதல் 5 வரையான நிலைகளோடு, இன்றும் புழங்குகிறது. மேலே சொன்ன எல் ரீனோ டொர்னாடோ நான்கு கிலோமீட்டருக்கும் மேல் அகலமுடையது. ரேடாரில் உச்ச வகைக்குரிய வேகம் பதிவானது. எனினும் பெரும்பாலும் வயல்வெளியில் சென்றதால், சேதத்தின் அடிப்படையில் மூன்றாம் நிலையே பெற்றது.

இவ்வளவும் கார்களிலும் ரேடார் லாரிகளிலும் மேகங்களைத் துரத்திச் சென்றவர்கள் பல பத்தாண்டுகளில் சேர்த்த அறிவு. 1950 வரை டொர்னாடோ என்ற சொல்லையே முன்னறிவிப்பில் பயன்படுத்த அமெரிக்க வானிலைத் துறை தன் அலுவலர்களை விடவில்லை என்பதை நினைத்தால், வந்த தூரம் தெரியும். அந்த நாட்டு அரசே 2026 நிதியாண்டு வரவுசெலவு முன்மொழிவில், நார்மன் ஆய்வகம் உள்ளிட்ட வளிமண்டல ஆராய்ச்சிப் பிரிவுக்கு நிதியை நிறுத்தப் பரிந்துரைத்தது எனக்குக் கடும் வருத்தத்தைத் தந்தது. தரையை ஒட்டிய அந்தச் சில நூறு மீட்டரைப் பார்ப்பதற்கு வேறு யாரும் செலவழிக்கப் போவதில்லை. அதில் லாபம் இல்லை.

ஜாப்ளினின் பெரும்பாலான வீடுகளில் நிலவறை கிடையாது. அந்த அழிவை ஆராய்ந்த தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தின் பரிந்துரைகளை அடுத்து, அமெரிக்கச் சிவில் பொறியாளர் சங்கம் வெளியிடும் கட்டுமான விதித்தொகுப்பின் 2022-ஆம் பதிப்பில் டொர்னாடோவின் விசைக்கென முதன்முறையாகத் தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. மருத்துவமனை, பள்ளி, தீயணைப்பு நிலையம் போன்ற கட்டடங்களுக்கு அது பொருந்தும். சாதாரணக் குடியிருப்பு வீடுகளுக்கு இன்னும் பொருந்தாது.