இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியவருக்கு அடிபட்டால்: கலிஃபோர்னியாவில் எது கிடைக்கும், எது கிடைக்காது

கலிஃபோர்னியாவில் சிக்னலில் நிற்கிறீர்கள். பின்னால் வந்த வண்டி இடித்துவிடுகிறது. தவறு முழுக்க அவர்மேல்தான், போலீஸ் ரிப்போர்ட்டும் அப்படியே சொல்கிறது. ஆனால் உங்கள் வண்டிக்கு அன்றைக்கு இன்சூரன்ஸ் இல்லை. இந்த நிலையில் நஷ்டஈடு கேட்க முடியுமா?

முடியும். ஆனால் முழுதாகக் கிடைக்காது. "உன் வண்டிக்கே இன்சூரன்ஸ் இல்லை, நீ எப்படிக் கேட்பாய்?" என்று யாராவது மிரட்டினால் பயந்து க்ளெய்மைக் கைவிட வேண்டாம். சட்டம் வெட்டுவது ஒரு பகுதியை மட்டும்தான்.

1996 நவம்பரில் நடந்த மக்கள் வாக்கெடுப்பில் 213-ஆம் முன்மொழிவு நிறைவேறியது. வாக்களித்தவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் ஆதரித்தார்கள். அதுதான் இன்று மாநில சிவில் சட்டத்தின் 3333.4-ஆம் பிரிவாக இருக்கிறது. இன்சூரன்ஸ் இல்லாத ஓட்டுநருக்கும் உரிமையாளருக்கும் பண இழப்பு உண்டு, வலிக்கும் வேதனைக்கும் தரும் தொகை கிடையாது என்பதே அதன் சாரம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆஸ்பத்திரிச் செலவு 18,000 டாலர், வேலைக்குப் போகாததால் போன சம்பளம் 6,000, வண்டி ரிப்பேர் 4,000. இந்த 28,000 டாலரையும் இடித்தவரிடம் கேட்கலாம். இனி ஆகப்போகும் சிகிச்சைச் செலவையும், இனி குறையப்போகும் வருமானத்தையும்கூட இதில் சேர்க்கலாம். ஆனால் முதுகுவலியோடு கழிந்த மாதங்கள், முகத்தில் விழுந்த தழும்பு, முன்புபோல் நடக்க முடியாமல் போனது ஆகியவற்றுக்கு, இன்சூரன்ஸ் இருந்திருந்தால் 40,000 டாலர் கிடைத்திருக்கும் என்று வைத்துக்கொண்டாலும், இப்போது அது பூஜ்யம். விபத்தில் உங்கள்மேலும் 20 சதவீதம் தவறு இருந்தால் அந்த 28,000-இலும் 20 சதவீதம் கழியும்.

பண இழப்பு உண்டு என்று கேட்கும்போது நியாயமாகத்தான் தெரியும். ஆனால் சம்பளம் இல்லாதவர்களை இந்த விதி மிகக் கடுமையாகத் தாக்குகிறது என்பது என் கருத்து. வேலைக்கு வந்தவரின் குடும்பத்தாருக்குத் தரும் எச்-4 விசாவில், வேலை அனுமதி இல்லாமல் இருக்கும் பெண், படிக்கும் மாணவர், ஓய்வுபெற்றவர் ஆகியோருக்கு ‘போன சம்பளம்’ என்று காட்ட ஒன்றும் இருக்காது. அவர்கள் பட்ட பாட்டுக்கு வலி, வேதனை என்ற தலைப்பில்தான் பெரும்பகுதி வர வேண்டும். அதைத்தான் சட்டம் எடுத்துவிடுகிறது. இவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. நீங்கள் செய்துவந்த வீட்டுவேலையைச் செய்ய ஆள் வைத்தால் அந்தச் செலவும் பண இழப்புதான். சமையலுக்கும் துணி துவைக்கவும் ஆள் வைத்திருந்தால் ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

யார் யாருக்கு இந்த விதி பொருந்தும்? வண்டியை ஓட்டியவர், தனக்கு இன்சூரன்ஸ் இருந்ததென்று நிரூபிக்க முடியாவிட்டால் மாட்டுவார். இன்சூரன்ஸ் இல்லாத வண்டியின் உரிமையாளரும் மாட்டுவார், அன்றைக்கு அவர் பின்சீட்டில் உட்கார்ந்து வந்திருந்தாலும்கூட. குடித்துவிட்டு ஓட்டியதாகத் தண்டிக்கப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் இருந்தாலும் இதே கதிதான். உரிமையாளராக இல்லாத பயணிக்கு எந்தத் தடையும் இல்லை. நண்பரின் காரில் சும்மா ஏறிப் போனவர் எல்லாவற்றையும் கேட்கலாம். இரவல் வண்டியை ஓட்டியவருக்கு, அடுத்தவர் வண்டியை ஓட்டும்போதும் பாதுகாப்பு தரும் சொந்த பாலிசி இருந்தால் தப்பிக்கலாம். அதைக் காட்ட வேண்டிய பொறுப்பு அவருடையது.

நீதிமன்றங்களும் எல்லை போட்டிருக்கின்றன. 1999-இல் மாநில உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைச் சொன்னது. இன்சூரன்ஸ் இல்லாத ஓட்டுநர் இறந்துவிட்டால், பிள்ளையை இழந்த பெற்றோரின் சொந்த இழப்புக்கு இந்தத் தடை இல்லை. வண்டியின் தயாரிப்புக் குறைபாட்டுக்காகக் கம்பெனிமீது போடும் வழக்குக்கும் இல்லை. ஆனால் சாலை மோசமாக இருந்ததென்று நகராட்சிமீது வழக்குப் போட்டால் தடை பொருந்தும் என்று 2001-இல் தீர்ப்பு வந்தது.

இடித்தவர் குடித்திருந்து, அதற்காகத் தண்டனையும் பெற்றால், இன்சூரன்ஸ் போடாத உரிமையாளர் வலி, வேதனைக்கும் கேட்கலாம். இந்த விலக்கு உரிமையாளருக்கென்றே எழுதப்பட்டது, இரவல் வாங்கி ஓட்டியவரை அதில் சேர்க்கவில்லை.

நம் ஊரில் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில், அடிபட்டவரின் சொந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை என்பதற்காக வலி, வேதனைக்கான தொகையை வெட்டும் இப்படியொரு பிரிவு இல்லை. அந்த நினைப்போடு அமெரிக்காவில் வண்டி ஓட்டக் கூடாது. அங்கேயும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூ ஜெர்சியில் இன்சூரன்ஸ் இல்லாத தன் வண்டியை ஓட்டி அடிபட்டவரால் பண இழப்புக்குக்கூட வழக்குப் போட முடியாது.

பாலிசி லேப்ஸ் ஆவது பெரும்பாலும் அசட்டையால்தான். பணம் கட்டும் கார்டு காலாவதியாகி ஒரு தவணை தவறியிருக்கும், ரத்து நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போயிருக்கும். பாலிசித் தாளை எடுத்து முடியும் தேதியைப் பாருங்கள். வழக்கமாக அது நள்ளிரவு 12:01 மணிக்கே முடிந்துவிடும். 15-ஆம் தேதி என்று போட்டிருந்தால் 15-ஆம் தேதி காலையில் ஆபீசுக்குப் போகும்போதே உங்களுக்கு இன்சூரன்ஸ் இல்லை.

அப்படி அடிபட்டுவிட்டால், யாருக்காவது காயம் இருந்தாலோ சேதம் 1,000 டாலரைத் தாண்டினாலோ 10 நாளுக்குள் டி.எம்.வி.க்கு (மாநில மோட்டார் வாகனத் துறைக்கு) தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸ் இல்லாததால் லைசென்ஸ் 4 ஆண்டுகள் வரை முடக்கப்படலாம், ஆனாலும் தெரிவிக்காமல் இருக்கக் கூடாது. காயத்துக்கான வழக்கை 2 ஆண்டுக்குள் போட வேண்டும். எதிர்த்தரப்பு அரசு அமைப்பு என்றால் 6 மாதத்துக்குள் முதலில் எழுத்தில் க்ளெய்ம் கொடுத்தாக வேண்டும்.

பிரீமியம் கட்ட முடியாமல்தான் இன்சூரன்ஸ் போடவில்லை என்றால், மாநில அரசின் குறைந்த விலை வாகன இன்சூரன்ஸ் திட்டத்தைக் கேளுங்கள். 2025 முதல் சாதாரண பாலிசியில் ஒருவரின் காயத்துக்குக் குறைந்தபட்சம் 30,000 டாலர் இருக்க வேண்டும். இந்தத் திட்டத்தில் 10,000 டாலர்தான், ஆனாலும் சட்டம் அதை ஏற்கிறது. அதாவது அது கையில் இருந்தால் 3333.4 உங்கள்மேல் பாயாது. குடும்ப வருமானம் கூட்டரசின் வறுமைக்கோட்டைப்போல் இரண்டரை மடங்குக்குள் இருக்க வேண்டும், வண்டியின் மதிப்பு 25,000 டாலரைத் தாண்டக் கூடாது, செல்லுபடியாகும் கலிஃபோர்னியா லைசென்ஸும் வேண்டும்.