ஒரே தீ, இரண்டு வேலை: காம்பி பாய்லர் இயங்கும் விதம்

பிரிட்டனில் பல வீடுகளின் சமையலறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி தொங்கும். அதுதான் காம்பி பாய்லர். அறைகளைச் சூடாக்குவதும் குளிக்க வெந்நீர் தருவதும் அந்த ஒரே பெட்டிதான். தனியாக வெந்நீர்த் தொட்டி கிடையாது.

எரிவாயுத் தீ முதல் வெப்பமாற்றியில் உள்ள நீரைச் சூடாக்க, அந்த நீர் மூடிய சுற்றில், அறைகளுக்குச் சூடு தரும் இரும்புப் பலகைகளான ரேடியேட்டர்களுக்குப் போய்த் திரும்புகிறது. யாராவது வெந்நீர்க் குழாயைத் திறந்தால், பெட்டிக்குள் வரும் குளிர்நீர் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அதை உணர்ந்ததும் நீரின் பாதையை மாற்றும் டைவர்ட்டர் வால்வு திரும்பி, சுற்றுநீரைத் தட்டு வெப்பமாற்றிக்கு அனுப்புகிறது. அங்கே எஃகுத் தகட்டுக்கு ஒருபுறம் சுற்றுநீர், மறுபுறம் குழாய்நீர். சூடு மட்டுமே கடக்கும், நீர் கலக்காது. குளித்து முடியும்வரை ரேடியேட்டர்களுக்குச் சூடு போகாது. அதைப் பழுதென்று நினைக்க வேண்டாம்.

விளம்பரத்தில் வரும் 24, 30 கிலோவாட் எல்லாம் குளியலுக்கான கணக்கு. ஒரு லிட்டர் நீரை 1 டிகிரி உயர்த்த 4.2 கிலோஜூல் வேண்டும். குளிர்காலத்தில் 5 டிகிரியில் வரும் நீரை 40 டிகிரிக்கு ஏற்ற லிட்டருக்கு 147 கிலோஜூல். 24 கிலோவாட் பெட்டி நிமிடத்துக்கு 9.8 லிட்டர் தரும், 30 கிலோவாட் 12.2 லிட்டர். ஒரே நேரத்தில் இரண்டு குளியலறைகளுக்கு இது போதாது. நடுத்தர வீட்டைச் சூடாக்கவோ, கடுங்குளிரிலும் பெரும்பாலும் 10 கிலோவாட்டே போதும்.

இங்கிலாந்தில் 2005 முதல் புதிய பாய்லர்கள் பொதுவாகப் புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அதன் சூட்டையும் மீட்கும் வகையாகவே இருக்க வேண்டும். திரும்பிவரும் நீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அந்த நீராவி நீராகும். ரேடியேட்டர் வெப்பத்தை 75, 80 என்று வைத்தால் அந்த லாபம் புகைபோக்கி வழியே போய்விடும். 60க்குக் குறைத்துப் பாருங்கள். அறை சூடாகச் சற்று நேரம் கூடும், எரிவாயு மிச்சமாகும். வெந்நீர்த் தொட்டி உள்ள வீடுகளுக்கு இந்த அறிவுரை அப்படியே பொருந்தாது. லெஜியோனெல்லா கிருமி வளராதிருக்கத் தொட்டி நீர் 60 டிகிரியை எட்ட வேண்டும், அதற்குப் பாய்லர் நீர் அதைவிடச் சூடாக இருக்க வேண்டும்.

சுற்றுநீரின் அழுத்தத்தைக் காட்டும் அழுத்தமானி ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் (அழுத்த அலகு) காட்ட வேண்டும். சூடேறும்போது நீர் விரிவதைத் தாங்கத்தான் ரப்பர் சவ்வுக்குப் பின்னால் காற்று அடைத்த விரிவுக்கலம் உள்ளது. அந்தக் காற்று இறங்கிவிட்டால் சூட்டில் முள் 3 பாருக்குப் பாயும், பாதுகாப்பு வால்வு நீரை வெளியே கொட்டும், ஆறியதும் முள் பூஜ்யத்துக்கு விழும். பலர் நிரப்புக்குழாயைத் திறந்து வாரந்தோறும் நீர் ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் புதிய ஆக்சிஜன் உள்ளே போய் ரேடியேட்டர் இரும்பைத் துருவாக்குகிறது. அந்தக் கருஞ்சேறு பம்பையும் தட்டு வெப்பமாற்றியையும் அடைக்கிறது. கலத்துக்குக் காற்றேற்றுவதுதான் சரியான வைத்தியம்.

கோடையில் வெந்நீர் திறந்தால் ரேடியேட்டரும் சுடுகிறதா? டைவர்ட்டர் வால்வு சிக்கியிருக்கலாம். ரேடியேட்டர் நன்றாகச் சுட்டும் குளியல்நீர் வெதுவெதுப்பாகவே வந்தால், தகடுகளில் சுண்ணாம்பு படிந்திருக்கலாம். லண்டனின் கடின நீரில் இது சாதாரணம்.

உறைபனிக் காலையில் பாய்லர் எரியாமல் களகளவென்று சத்தமிட்டால், வெளியே செல்லும் பிளாஸ்டிக் வடிகுழாயைப் பாருங்கள். புகையின் நீராவி குளிர்ந்து நீரானது அங்கே உறைந்திருக்கும். கொதிநீர் ஊற்றாமல் வெதுவெதுப்பான நீரை ஊற்றி உருக்கி, மீட்டமைப்புப் பொத்தானை அழுத்தலாம். எரிவாயுப் பகுதியைத் திறக்கும் வேலை எதுவானாலும், பிரிட்டனின் எரிவாயுப் பணியாளர் பதிவேடான காஸ் சேஃப்பில் பதிவு பெற்றவரிடமே விடவேண்டும்.